சுட்ட மீன் கடைக்கு முதல்முறையாகப் போகிறவர்களுக்கு

கரி அடுப்பில் மீன் சுட்டுத் தரும் சின்ன உணவகத்துக்கு முதல்முறை போகிறவர்கள் வாசலிலேயே கொஞ்சம் திகைத்து நிற்பார்கள். மெனு அட்டையில் விலை இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்றைய விலை’ என்று எழுதியிருக்கும். ஐஸ் மேல் ஏழெட்டு வகை மீன் கிடக்கும். பக்கத்தில் தராசு, அதற்கு அப்பால் புகை. யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் பலரும் நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்து, “ஏதாவது நல்லதாக் குடுங்க” என்று சொல்லிவிடுகிறார்கள்.

அப்படிச் சொல்லாதீர்கள். இந்த மாதிரிக் கடையில் சாப்பாட்டின் முக்கால் பங்கு மேசைக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடும். எந்த மீன், எவ்வளவு எடை, எப்படிச் சுட வேண்டும் என்ற மூன்றையும் ஐஸ் தட்டுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்று பேசித்தான் தீர்க்க வேண்டும். அந்தப் பேச்சுக்குக் கூச்சம் வேண்டாம். பத்து நிமிடம் அங்கே நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும், மீதியை நெருப்பு பார்த்துக்கொள்ளும்.

போவதற்கு முன்

பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. புகை ஒட்டினாலும், எண்ணெய்த் துளி பட்டாலும் மனம் நோகாத உடுப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் நெரியும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போவது நல்லது. மீனைத் தேர்ந்தெடுக்க இடமிருக்கும், சுடுகிறவருக்கும் உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரமிருக்கும்.

உடன் வருகிறவர்களில் யாருக்காவது மீனோ, இறால் நண்டு வகையோ ஒத்துக்கொள்ளாது என்றால் அதை வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐஸ் தட்டுக்கு முன்னால்

முதலில் மூக்கு. தட்டுக்குப் பக்கத்தில் போனதும் என்ன வாசனை வருகிறது என்று கவனியுங்கள். புது மீனுக்குக் கடல் தண்ணீரின் வாசனைதான் இருக்கும், அதுவும் லேசாக. நாம் ‘மீன் நாற்றம்’ என்று சொல்வது மீன் செத்த பிறகு மெல்ல மெல்ல உண்டாவது. கடல் மீனின் சதையில் இயல்பாகவே இருக்கும் மணமில்லாத ஒரு பொருளை பாக்டீரியா சிதைக்கும்போது டிரைமெத்தில் அமீன் உருவாகிறது. அதுதான் அந்த நாற்றம். கடைக்குள் நுழைந்த உடனேயே அது முகத்தில் அடித்தால், அல்லது மூக்கில் குத்துகிற அம்மோனியா நெடி வந்தால், அன்றைக்கு வேறு கடை பாருங்கள். மசாலா எவ்வளவு தடவினாலும் அது மறையாது.

அடுத்தது ஐஸ். மீன் ஐஸுக்குள் பாதி புதைந்து கிடக்க வேண்டும். உருகிய தண்ணீரில் மிதந்துகொண்டோ, ஐஸ் தீர்ந்துபோன தட்டில் காய்ந்துகொண்டோ இருந்தால் அந்தக் கடையில் மீன் மேல் அக்கறை குறைவு.

பிறகு மீன். கண் தெளிவாக, சற்றுப் புடைத்து இருக்க வேண்டும் என்பார்கள். சரிதான், ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஐஸ் நேராகப் பட்டாலே நல்ல மீனின் கண்ணும் மங்கிப்போகும். எனக்குச் செவுள்தான் சாட்சி. “செவுளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க” என்று கேளுங்கள். கடைக்காரர் விரல் விட்டு மூடியைத் தூக்குவார். உள்ளே ஈரத்தோடு சிவப்பாக, இழை இழையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் மீன் புதுசு. பழுப்பேறி, கொழகொழவென்று ஒட்டிக்கிடந்தால் வேண்டாம். இப்படிக் கேட்பதை நல்ல கடைக்காரர் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. முகம் சுளிக்கிறவரிடம் அந்த மீனை வாங்காமல் இருப்பதே மேல்.

சதையை ஒரு விரலால் அழுத்திப் பார்க்க விட்டால் பாருங்கள், அல்லது அவரையே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பள்ளம் உடனே நிமிர வேண்டும். விரல் தடம் அப்படியே நின்றால் சதை தளர்ந்துவிட்டது என்று பொருள். வயிறும் கெட்டியாக இருக்க வேண்டும். குடலில் இருக்கும் நொதிகள் முதலில் அரிப்பது வயிற்றைத்தான் என்பதால், மீன் கெடுவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இறாலில் தலையைப் பாருங்கள். உடம்போடு இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் நல்லது. தலை தொங்கினாலோ, தலைப்பக்கம் கறுத்திருந்தாலோ நாளாகிவிட்டது. நண்டைக் கையில் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். பெரிதாக இருந்தும் லேசாக இருக்கும் நண்டு அண்மையில் ஓடு மாற்றியிருக்கும், உள்ளே சதை குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருக்கும். அடிவயிற்று மடல் ஒடுங்கிக் கூர்மையாக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். ஆணுக்குக் கொடுக்குச் சதை அதிகம். பெண்ணில் சில காலங்களில் சினை இருக்கும், அதை விரும்புகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். மட்டி, சிப்பி வகைகள் உயிரோடு இருக்க வேண்டும். வாய் திறந்திருப்பதைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும், மூடாதது செத்தது.

இன்னொன்று. உறைய வைத்த மீன் என்றாலே மட்டம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பிடித்த உடனே முறையாக உறைய வைத்தது, மூன்று நாள் ஐஸில் கிடந்த ‘புது’ மீனைவிட நன்றாகவே இருக்கும். கணவாயும் இறாலும் உறைவதைத் தாங்கும். “இது ஐஸ் மீனா, உறைய வைத்ததா?” என்று கேட்டு, நேர்மையான பதில் வருகிறதா என்று பாருங்கள். பதிலைவிட அந்த நேர்மையே உங்களுக்கு அதிகம் சொல்லும்.

எந்த மீன் எடுப்பது

நெருப்பில் சுட கொழுப்புள்ள மீன் ஏற்றது. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்றவற்றின் எண்ணெய் சதையைக் காயவிடாமல் காக்கும். ருசியும் அழுத்தமாக இருக்கும். ஆனால் மத்தியில் நுண்ணிய முள் ஏராளம். முள்ளுக்குப் பயப்படுகிறவர், குழந்தையோடு வருகிறவர் இதில் தொடங்க வேண்டாம்.

முதல்முறை என்றால் என் யோசனை இது: 500 முதல் 800 கிராம் எடையில் ஒரு சங்கராவோ கொடுவாவோ பாறையோ முழுசாக எடுங்கள். இவற்றின் முள் பெரிதாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். நடுமுள்ளைக் கழற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. தோல் நெருப்பில் மொறுமொறுப்பாகும், உள்ளே சதை ஈரமாக இருக்கும். முள்ளே வேண்டாம் என்றால் வஞ்சிரத் துண்டு கேளுங்கள். துண்டில் நடுவே ஒரு வட்ட முள்தான், சுற்றிப் பிரித்துச் சாப்பிடலாம். ஆனால் துண்டு சீக்கிரம் காய்ந்துவிடும். சுடுகிறவர் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பினாலும் போதும். அதனால் ஒரு அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் வெட்டச் சொல்லுங்கள்.

உல்லம் மாதிரி மீன் ருசிக்குப் பேர்போனது, சதைக்குள் கவைமுள்ளும் நிறைய. பழகிய பிறகு ஆசைப்படலாம்.

முழு மீனென்றால் ஒரு ஆளுக்கு 350 முதல் 450 கிராம் வரை கணக்கு வையுங்கள். அதிகமாகத் தோன்றும். ஆனால் தலை, முள், குடல், துடுப்பு எல்லாம் போனால் வாயில் போவது எடையில் ஏறத்தாழ பாதிதான். நண்டில் அதைவிடவும் குறைவு. இறாலும் கணவாயும் சேர்த்துச் சொல்வதாக இருந்தால் மீன் எடையைக் குறைத்துக்கொள்ளலாம்.

தராசு

இங்கே நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு தடவை நானும் நண்பரும் ஐஸ் தட்டைக் கைகாட்டி, “அந்தச் சிவப்பு மீன் ஒண்ணு” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தோம். வந்த மீன் நாலு பேருக்கானது. பாதியைக்கூடத் தின்ன முடியவில்லை. பில்லைப் பார்த்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை, எடை சரியாகத்தான் எழுதியிருந்தது. தராசில் வைக்கும்போது நாங்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து மீன் தராசில் ஏறி இறங்கும் வரை நான் நகர்வதில்லை.

கேட்க வேண்டியது மூன்று. விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா, மீன் ஒன்றுக்கா? எடை சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? சுடுவதற்கும் மசாலாவுக்கும் தனிக் காசு உண்டா?

முதல் கேள்வியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பலகையில் இருப்பது 100 கிராம் விலை என்றால், 1.2 கிலோ மீனுக்கு அதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, “அப்போ இந்த மீன் மொத்தம் எவ்வளவு வரும்?” என்று வாய்விட்டும் கேளுங்கள். எடை பெரும்பாலும் சுத்தம் செய்வதற்கு முன்புதான் போடுவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். தராசில் எண் பூஜ்யத்தில் இருக்கிறதா, தட்டோடு ஐஸ் கட்டியும் ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். விலை ஒத்துவரவில்லை என்றால் சின்ன மீனைக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. கத்தி பட்ட பிறகு மாற்றச் சொல்வதுதான் நியாயமில்லை.

சுடுகிறவரிடம் சொல்ல வேண்டியவை

மீனைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி அடுப்பு.

நல்ல சுடுகிறவரை அவர் நெருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கரி முழுக்கப் பற்றி, மேலே சாம்பல் பூத்து, தழல் இல்லாமல் தணலாக இருக்கும்போதுதான் அவர் மீனை வைப்பார். கொழுப்பு சொட்டித் தழல் எழும்பினால் மீனைச் சற்று நகர்த்துவார். தழல் நக்கிய மீனில் கரிப்புகை படிந்து கசக்கும். கம்பி வலையும் சுத்தமாக, நன்றாகச் சூடேறி இருக்க வேண்டும். ஆறிய வலையில் வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு, திருப்பும்போது பாதி மீன் வலையிலேயே தங்கிவிடும். மீனை அடிக்கடி புரட்டிக்கொண்டே இருப்பவரைவிட, ஒரே தடவை திருப்புகிறவர் கைக்கு ருசி அதிகம் என்பது என் எண்ணம்.

முதல்முறை போகும்போது மசாலாவைக் கம்மியாகத் தடவச் சொல்லுங்கள், அல்லது பாதி மீனுக்கு உப்பும் எண்ணெயும் மட்டும், மறுபாதிக்கு மசாலா என்று கேட்டுப் பாருங்கள். முழு மீனின் இரண்டு பக்கத்தையும் இப்படி வேறு வேறாகச் செய்து தருவது அவர்களுக்குக் கஷ்டமான காரியமில்லை. உப்பு மட்டும் தடவிய பக்கத்தில்தான் மீனின் உண்மையான ருசி தெரியும். அந்தக் கடையின் மீன் எப்படிப்பட்டது என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

தடித்த மீனென்றால் இரண்டு பக்கமும் மூன்று கீறல் போடச் சொல்லுங்கள். சூடு உள்ளே போகும், உப்பும் இறங்கும். சின்ன மீனுக்குக் கீறல் வேண்டாம், சாறு வெளியேறிவிடும். இலையிலோ தாளிலோ சுற்றித் தருவதாகச் சொன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அது சுடுவதைவிட ஆவியில் வேகவைப்பதற்கு நெருக்கம். மீன் மிருதுவாக வரும், ஆனால் மொறுமொறுப்பான தோல் கிடைக்காது. எது வேண்டுமோ அதைக் கேளுங்கள்.

கடைசியாக, “ரொம்பக் காய விடாதீங்க” என்று ஒரு வார்த்தை. கூட்டத்துக்குச் சமைக்கிறவர்கள் வேகவில்லை என்ற புகாருக்குப் பயந்து, கூடுதலாகவே சுடுவார்கள். உங்களுக்குச் சரியான பதம் தெரியும் என்று காட்டிவிட்டால் அவரும் கவனமாகச் செய்வார்.

ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் இப்போதே, சுடுகிறவரிடமே நேராகச் சொல்லுங்கள், பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டு விடாதீர்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தப் புரதம் சுடுவதால் அழிவதில்லை. முந்தின ஆளுக்கு இறால் சுட்ட அதே வலை, அதே இடுக்கி, அதே எண்ணெய்த் தூரிகை போதும், பிரச்சினை வர. தனி வலையோ தனித் தவாவோ தர முடியாது என்றால், கடுமையான ஒவ்வாமை உள்ளவர் அங்கே சாப்பிடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. சிலருக்கு ஆவியும் புகையும்கூட ஆகாது. இதுவரை நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கும் இறால் நண்டு ஒவ்வாமை பெரியவர்களான பிறகு புதிதாக வருவதுண்டு. வாய் அரிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று தொடங்கினால் அடுத்த வாய் எடுக்காதீர்கள். மூச்சுக்குச் சிரமம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

காத்திருக்கும் நேரம்

மீனின் தடித்த பகுதியில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 10 நிமிடம் என்பது பழைய சமையல் கணக்கு. இரண்டு அங்குலம் தடித்த முழு மீனுக்கு 20 நிமிடம். அதற்கு முன்னால் செதில் உரசி, குடல் எடுத்து, மசாலா தடவ வேண்டும். உங்களுக்கு முன்னால் வரிசையும் இருக்கும். அரைமணி நேரத்துக்குக் குறைந்து எதிர்பார்க்காதீர்கள். கடைக்காரரை அவசரப்படுத்தினால் அவர் தணலை விசிறித் தழலாக்குவார், அது உங்கள் மீனுக்குத்தான் கேடு.

கணவாயும் இறாலும் சில நிமிடத்தில் தயாராகிவிடும். அதை முதலில் கொண்டுவரச் சொல்லிச் சூடாகச் சாப்பிட்டு முடியுங்கள். மீனோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு ஆறும், ஒன்று மட்டும் சுடும்.

மீன் வந்ததும்

முதலில் பதம் பாருங்கள். தலைக்குப் பின்னால், முதுகின் தடித்த இடத்தில் முள்கரண்டியை விட்டு லேசாகத் திருகுங்கள். சதை கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியாமல் வெள்ளையாகி, இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியோடு பார்த்தால் மீன் சதையில் இணைப்புத் திசு மிகக் குறைவு. இருப்பதும் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் மீன் இப்படி அடுக்கடுக்காக உதிர்கிறது. அளவுமானியால் பார்க்கும் கடைகளில் உள்சூடு 63 டிகிரி செல்சியஸ் என்று வைத்திருப்பார்கள். நடுமுள்ளை ஒட்டி இன்னும் இளஞ்சிவப்பாக, முள்ளை விட்டுச் சதை பிரியாமல் இருந்தால், தயங்காமல் திருப்பிக் கொடுத்து இன்னும் இரண்டு மூன்று நிமிடம் வைக்கச் சொல்லுங்கள்.

சரி, இனி மீனைத் திறப்போம். அவசரப்பட்டு நடுவில் கை வைத்துப் பிய்க்காதீர்கள். முள் எல்லாம் சதையோடு கலந்துவிடும்.

மீனை உங்களுக்குக் குறுக்காக, வயிறு உங்கள் பக்கம் பார்க்கும்படி வையுங்கள். முதுகுத் துடுப்பை வால் பக்கத்திலிருந்து பிடித்து மெல்லத் தலைப்பக்கம் இழுங்கள். பதமாக வெந்த மீனில் அது அடியில் இருக்கும் சிறு முட்களோடு சீப்பு மாதிரி ஒரே வரிசையாகக் கழன்று வரும். அடித் துடுப்பையும் அப்படியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். மீனின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை மெல்லிய கோடு ஒன்று ஓடும். கரண்டியின் முனையை அந்தக் கோட்டில் வைத்து, கீழே நடுமுள் தட்டுப்படும் வரை அழுத்தி, வால் வரை இழுங்கள். இப்போது மேல்பாதிச் சதையை முதுகுப் பக்கமாகத் தள்ளுங்கள். பெரிய துண்டாக வழுக்கிக்கொண்டு வரும். கீழ்பாதியை வயிற்றுப் பக்கமாகத் தள்ளும்போது நிதானம் வேண்டும், விலா முள் அங்கேதான் இருக்கிறது. கரண்டியைப் படுக்கையாகப் பிடித்து முள்ளின் மேலாகச் சீவினால் முள் தன் இடத்திலேயே நிற்கும்.

ஒரு பக்கம் முடிந்தது. மீனைப் புரட்ட வேண்டாம். வால் பக்கம் நடுமுள்ளுக்கு அடியில் கரண்டியை விட்டு, வாலைப் பிடித்துத் தூக்கித் தலையை நோக்கி உரியுங்கள். வால், நடுமுள், விலா எல்லாம் ஒரே ஏணியாக எழுந்து வரும். அடியில் மறுபக்கச் சதை முழுசாக, ஆவி பறக்கக் கிடக்கும். அதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே நான் முழு மீன் வாங்குகிறேன்.

தலையை அப்படியே விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குக் கீழே, செவுள் மூடிக்கு முன்னால் கன்னத்தில் காசு அளவுக்கு ஒரு உருண்டைச் சதை இருக்கும். மீனிலேயே அதுதான் மிருதுவான துண்டு என்று சொல்வேன். செவுளுக்குப் பின்னால், பக்கத் துடுப்பை ஒட்டிய கழுத்துப் பகுதியும் கொழுப்பேறி ருசியாக இருக்கும். பெரிய மீனில் அதைத் தனியாகச் சுட்டுத் தரச் சொல்லிச் சாப்பிடுகிறவர்களே உண்டு.

எலுமிச்சையை முதலிலேயே மீன் மேல் முழுக்கப் பிழிந்துவிடாதீர்கள். மொறுமொறுப்பான தோல் நனைந்து சொதசொதவென்று ஆகிவிடும். சாப்பிடப்போகும் துண்டின் மேல் சில துளி போதும். புளிப்பு, முன்னால் சொன்ன அந்த அமீனைக் கட்டிப்போடுவதால் நாற்றமும் அடங்கும். புது மீனுக்கு அதுகூட அதிகம் தேவைப்படாது.

படம் எடுப்பதாக இருந்தால் ஒன்று எடுத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள். சுட்ட மீனுக்கு முதல் பத்து நிமிடம்தான் உயிர். அதன் பிறகு தோல் தோலாகிவிடும், கொழுப்பு உறையும்.

இறால், கணவாய், நண்டு, சிப்பி

இறால் சுட்டால் சிவப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நிறம் முன்பே அதற்குள் ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கிறது, சூட்டில் புரதம் அவிழும்போது வெளியே வருகிறது. வளைவைப் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால் பதம், தலையும் வாலும் முட்டும் அளவுக்குச் சுருண்டால் அதிகம் வெந்துவிட்டது. ஓட்டோடு சுட்ட இறாலைத்தான் கேளுங்கள். ஓடு சதையைக் காயவிடாது, அதன் மணமும் தனி. தலையைத் திருகிப் பிரித்து, கால் பக்கமிருந்து ஓட்டை உரித்தால் சுலபமாக வரும். முதுகில் ஓடும் கறுப்பு நரம்பு உண்மையில் குடல், பெரிய இறாலில் அதை எடுத்துவிடுங்கள்.

கணவாய்க்கு இரண்டே வழி. கடும் சூட்டில் ஓரிரு நிமிடம், அல்லது அரைமணிக்கு மேல் மெதுவாக. நடுவில் மாட்டியது ரப்பர்தான். சுட்டுத் தரும் கடையில் முதல் வழிதான் சரிப்படும். அது ரப்பராக வந்தால் தவறு உங்கள் பல்லில் இல்லை.

நண்டுக்கு இரண்டு கையும் வேண்டும், கூச்சமும் போக வேண்டும். கொடுக்கையும் கால்களையும் முதலில் முறித்து எடுங்கள். அடிவயிற்று மடலைத் தூக்கிப் பிடித்து, மேல் ஓட்டைப் பெயருங்கள். உள்ளே இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் இறகு மாதிரி இருப்பது செவுள், அதைக் கிள்ளி எறியுங்கள், சாப்பிட ஒன்றுமில்லை. உடம்பை நடுவில் இரண்டாக ஒடித்தால் அறை அறையாகச் சதை தெரியும். கொடுக்கை உடைக்க இடுக்கி தருவார்கள். ஓங்கி அடிக்காமல் மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் விழும் அளவுக்கு அழுத்தினால், சதை சில்லுகளோடு கலக்காமல் முழுசாக உருவி வரும். கூட்டமாகப் போனால் நண்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நண்டு உடைக்கிறவர் பேச மாட்டார், அவர் மீனும் ஆறிவிடும்.

மட்டியும் சிப்பியும் சூட்டில் வாய் திறக்கும். பிடிவாதமாக மூடியே இருப்பதைக் கத்தியால் பெயர்க்காமல் விட்டுவிடுங்கள். பச்சையாக உண்ணும் சிப்பி எங்கே கொடுத்தாலும், கல்லீரல் நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் தொட வேண்டாம். கடல்நீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியா அவர்களுக்கு உயிராபத்தாக முடியும். முழுக்க வெந்ததுதான் அவர்களுக்கானது.

சில எச்சரிக்கைகள்

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வகைகள் பிடித்த பிறகு வெயிலிலோ வெதுவெதுப்பிலோ கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு சுட்டாலும் அது போகாது, பார்வைக்கும் மணத்துக்கும் மீன் நல்லதாகவே தெரியலாம். நாக்கில் மிளகு பட்ட மாதிரி சுறுசுறுவென்று இருந்தால் அது ஒரு அடையாளம். காரமில்லாத மீனில் அப்படி உணர்ந்தால் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மருத்துவரிடம் என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒவ்வாமை என்று நினைத்து ஆயுளுக்கும் மீனை நிறுத்திவிடுவீர்கள்.

பவளப்பாறைக் கடல்களில் பிடித்த மிகப்பெரிய களவா, சீலா மீன்களில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேர்வதுண்டு. இதுவும் சூட்டுக்கு அழியாது. அந்தப் பகுதிகளில் பெரிய மீனைவிட நடுத்தர மீனே நல்ல தேர்வு. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் பாதரசம் அதிகம்.

முள் தொண்டையில் மாட்டினால் பதற வேண்டாம். இருமிப் பாருங்கள், தண்ணீர் குடித்துப் பாருங்கள். பெரிய கவளத்தை அப்படியே விழுங்கி முள்ளைத் தள்ளுவதும், விரல் விட்டுத் தோண்டுவதும் முள்ளை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கலாம். வலி நிற்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். குழந்தைக்குக் கொடுக்கும் துண்டைக் கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கண்ணுக்குத் தப்பும் முள் விரலுக்குத் தப்பாது.

பில்லும் மீதியும்

பில் வந்ததும் தராசில் பார்த்த எடை அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சத்தம் போடாமல், “எடை போடும்போது இவ்வளவுதானே இருந்தது?” என்று கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்து மேசையின் கணக்கு மாறி வந்திருக்கும்.

மீதி மீனை எடுத்துப்போவதாக இருந்தால் மேசையிலேயே முள் நீக்கிக் கட்டச் சொல்லுங்கள், அல்லது நீங்களே நீக்கிவிடுங்கள். ஆறிய பிறகு முள் சதையோடு ஒட்டிக்கொள்ளும், வீட்டில் பிரிப்பது பாடு. சமைத்த மீன் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். வழியில் வேறு வேலை இருக்கிறது என்றால் எடுத்துப்போகாதீர்கள். தலையையும் நடுமுள்ளையும் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். நேராக வீட்டுக்குப் போகிறவர் அதையும் சேர்த்துக் கட்டச் சொல்லலாம். கொஞ்சம் தண்ணீரில் மெல்லக் கொதிக்க வைத்து வடிகட்டினால், புகை மணத்தோடு ஒரு கிண்ணம் சாறு கிடைக்கும்.

கையை முதலில் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டு, பிழிந்த எலுமிச்சைத் தோலை விரல் இடுக்குகளில் தேயுங்கள். சோப்பு அதற்குப் பிறகுதான்.